முதலில் அகப்படுகிறவள்

கொடுக்காய்க்குளத்தில் தண்ணீர் தெருவரிசைப்படி வந்துகொண்டிருந்தது. ஒரு சித்திரை மாதத்திலிருந்து, கூப்பிட்ட ஆட்களும் அதே வரிசைப்படி வர ஆரம்பித்தார்கள்.

முதல்முறை அது நடந்தபோது ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புளியமரத் தெருவில் ஒரு தகப்பன் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு, "ஏ சண்முகவேலு" என்று தன் மகனைக் கூப்பிட்டான். வந்து நின்றவர் தேரடித் தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த சண்முகவேலு, பாதி முகத்தில் சவர நுரை, தோளில் துண்டு. தன் கால்கள் தானாக எழுந்து ஊரைத் தாண்டி வந்துவிட்டன என்று அவர் சொன்னார். தகப்பன் அவரைப் பார்த்துவிட்டு, "வந்ததுதான் வந்துட்டீக, கையக் கழுவுங்க, ரெண்டு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவர் கால்கள் அவருக்குச் சொந்தமாயின. கூப்பிட்டவர் வாயிலிருந்து வந்தவருக்கென்று ஒரு சொல் வராமல் வந்தவரின் கால் விடுபடாது என்பதை ஊர் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

மற்றதையும் ஊர் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டது. கூப்பிட்ட பெயர் வாயிலிருந்து கிளம்பி முதலில் தேரடித் தெருவுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு வீட்டு நிலைப்படியாக நின்று பார்க்கும். அந்தப் பெயர்க்காரர் குடியிருக்கும் வீடு அகப்பட்டதும், அவர் அந்த நேரம் எங்கே இருந்தாலும் அவரைக் கிளப்பி அனுப்பிவிட்டு அதோடு நின்றுவிடும், அடுத்த தெருவுக்குப் போகாது. தேரடித் தெருவில் இல்லையென்றால் கச்சேரித் தெரு, அங்கேயும் இல்லையென்றால் எண்ணெய்க்காரத் தெரு, அதற்கப்புறம் புளியமரத் தெரு. அங்கேயும் இல்லையென்றால், கூப்பிட்டவர் காதுக்குள் காய்ந்த ஓலை உரசுவதுபோல ஒரு குரல், "அப்படி யாரும் இல்லை" என்று சொல்லும்.

இந்த வரிசை மேல்நிலைத் தொட்டியின் சுவரில் நீல எழுத்தில் இருந்தது. எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் திறப்பது, எதற்கு அடுத்தது என்று வால்வுக்காரர் இருளப்பனுக்காக எழுதிவைத்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெயிண்டர் கைத்தவறாக இரண்டு தெருக்களை இடம்மாற்றி எழுத, அன்றே கூப்பாடும் இடம்மாறியது; அப்போதுதான் எல்லோரும் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், பெயிண்டரைத் திட்டித் திருத்தி எழுதச் சொன்னார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பிறகு ஊர் தன்னைச் சுவருக்குத் தக்கபடி மடித்துக்கொண்டது. தேரடித் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றாமலே தூங்கப் பழகினார்கள். புளியமரத் தெருவில் பிள்ளை பிறந்தால், முன்தெருக்களில் இல்லாத பெயராகத் தேடி அலைந்தார்கள். கிடைக்காதவர்கள் பிள்ளைக்கு டிரான்சிஸ்டர் என்றும் அட்லாண்டிக் என்றும் பெயர் வைத்தார்கள். யாருமில்லாத பெயருக்கு மாப்பிள்ளை வீட்டில் மதிப்புக் கூடியது. ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் தெருவும் கதவு எண்ணும் சொல்லி முழுசாகக் கூப்பிடலாம், அப்போது பெயர் வரிசையைப் பார்க்காமல் நேராக அந்த வீட்டுக்கே போகும் என்பதையும் பின்தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைகள் அம்மா அப்பா சொல்லும் முன்பே கதவு எண்ணைச் சொன்னார்கள். தேரடித் தெருக்காரர்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

சுவரில் இல்லாத ஒரு தெருவும் ஊருக்கு இருந்தது. கண்மாய் உடைந்து மூழ்கிய ஊரிலிருந்து கொண்டுவந்து, ரயில் பாதைக்கு அப்பால் இறக்கிவிடப்பட்ட ஜனங்கள் இருந்த புதுக்காலனி அது. அவர்களுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது, குழாயில் வரவில்லை. அதனால் சுவரில் அவர்கள் பெயர் எழுதப்படவில்லை. வீடுகளுக்குக் கதவு எண்ணும் கொடுக்கப்படவில்லை. ஆகவே அவர்களை வெறும் பெயராலும் கூப்பிட முடியவில்லை, முழு முகவரியாலும் கூப்பிட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் வாசிக்கும்போது காலனிப் பிள்ளைகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும், டீச்சர் காதில் அப்படி யாரும் இல்லை என்று விழுந்தது. டீச்சர் நல்ல மனுஷிதான், காதில் விழுந்ததை எழுதினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டபோது அந்தப் பெயர் தன்னிடம் வந்து சேராததால், எதிரிலேயே உட்கார்ந்திருந்த காலனிக் கிழவரால் எழுந்து நிற்க முடியவில்லை. கடைசி நோயாளியும் போனபிறகு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், அந்த வாரமே எடுத்துப் புதைத்தார்கள். காலனிக்குள் யாரும் யாரையும் பெயர் சொல்வதில்லை. கைதட்டினார்கள், கூரையில் கல் எறிந்தார்கள், போய்த் தோளைத் தொட்டார்கள்.

பேரூராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துவந்த செண்பகம் காலனிக்காரி. தாய் தகப்பன் வெள்ளத்தோடு போனபின் அவளுக்கு மிஞ்சியது ஒரே தங்கை. பெயர் மாரிக்கனி, செண்பகத்துக்குக் கனி. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கும் வேலை, அதாவது மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது. கனி வேலைக்குப் போன நாளிலிருந்து செண்பகத்துக்கு ஒரே பயம்: அங்கே தீப்பிடித்தால் அவளைக் கூப்பிட்டு வெளியே கொண்டுவர ஆள் இருக்காது. கூப்பிட்டால் வேறொருத்தி வருவாள்.

வந்துகொண்டும் இருந்தாள். செண்பகம் வாய்தவறித் தங்கையை முழுப்பெயரில் கூப்பிடும்போதெல்லாம், தேரடித் தெரு சைக்கிள் கடைக்காரர் தெய்வசிகாமணியின் மனைவி மாரிக்கனி, மூச்சு வாங்க, ரயில் பாதையைத் தாண்டி வந்து நிற்பாள்.

"ஏட்டி செண்பகம், அடுப்புல மீன் கெடக்குட்டி. எதுக்குக் கூப்பிட்ட?"

"ஐயோ, தெரியாம வாயில வந்துட்டு அக்கா."

"ஒனக்குத் தெரியாம வந்துட்டு, எனக்குத் தெரிஞ்சு கால் வலிக்கி. ஒந்தங்கச்சிக்கு வேற பேரு வைக்கக்கூடாதா? நாட்டுல பேருக்கா பஞ்சம்?"

"அம்மா வச்ச பேரு. நீங்க மாத்திக்கிடுங்களேன்."

"நல்லா இருக்கே கதை. நான் மாத்துனா எங்க வீட்டுக்காரரு யாரைக் கூப்பிடுவாரு? அந்த மனுசன் ஒரு டம்ளர் தண்ணிக்கும் ஊரு கேக்க மாரிக்கனிங்காரு." அவள் திண்டில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். "சரி, வந்தது வந்துட்டேன். காப்பி போடு. சீனி கூட."

அவளும் அதே தீப்பெட்டி ஆபீசில் கட்டை எண்ணி வாங்குகிறவள். கனியை அவள் கூப்பிடுவது "என் பேர்க்காரி" என்றுதான்.

செண்பகம் தலைவர் கோமதிநாயகத்திடம் காலனியின் பெயரைச் சுவரில் எழுதக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கறுப்புத் திரையைத் திறந்து காட்டினாள். அந்தத் திரையில் படமில்லை, பொத்தானில்லை. வேண்டிய வேலையின் பெயரைத் தட்டச்சு செய்தால் அது வந்து நிற்கும்.

"இது பேரைச் சொன்னதும் மிஷின் முழுக்கத் தேடும்னு நினைக்காதீங்க தலைவரே. தேடவேண்டிய இடங்களை ஒரு வரிசையா இதுக்கு எழுதிக் கொடுத்திருக்கு. முதல் இடத்துல பாக்கும். இருந்தா எடுத்துக்கிடும், அதோட சரி. இல்லைன்னா ரெண்டாவது இடம். கடைசி வரைக்கும் இல்லைன்னா, இல்லைன்னு சொல்லிரும்."

"அப்போ இதுக்குள்ளயும் ஒரு தண்ணித்தொட்டி இருக்குன்னு சொல்லு."

"அப்படித்தான் வச்சுக்கிடுங்க. இப்போ பாருங்க, வரி ரசீது போடுறதுக்கு நான் ஒண்ணு செஞ்சு, இந்தா, மிஷினுக்குள்ள இப்போ நான் நிக்கிற இடத்துலயே வச்சிருக்கேன். பேரைத் தட்டுதேன்." தட்டினாள். இல்லை என்று வந்தது.

"கண்ணு முன்னால இருக்குங்கிறே. இது இல்லைங்குது?"

"வரிசையில இந்த இடம் இல்ல. கண்ணு முன்னால இருக்கது இதுக்குக் கணக்கில்ல. 'இதோ இங்கயே இருக்கிற' அப்படின்னு ஒரு புள்ளியும் கோடும் முன்னால சேர்த்துச் சொன்னா எடுத்துக்கிடும்." சேர்த்துத் தட்டினாள், ரசீது வந்தது. "நம்ம ஊருலயும் இது நடக்கு. கைக்கெட்டுற தூரத்துல இருக்கவனை, இதோ இங்கயே இருக்கிற இன்னாருன்னு கூப்பிட்டா எந்திரிச்சிருதான். டீச்சர்கிட்ட சொன்னேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு நீட்டினா பாடம் எப்போ நடத்தன்னு கேட்டாங்க."

தலைவர் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "சரி, ஒன் மிஷினுக்கு அந்த வரிசையில புது இடத்தைச் சேக்கணும்னா?"

"கடைசில ஒரு பேரு எழுதினாப் போதும். முன்னால இருக்க யாருக்கும் ஒரு குறையும் வராது. அவங்ககிட்ட இல்லாத பேரு மட்டுந்தான் எங்ககிட்ட வரும்."

"சுவத்துல பேரு ஏறிட்டா அது வெறும் பேரா நிக்காதும்மா," என்றார் கோமதிநாயகம். கெட்ட குரலில் சொல்லவில்லை; குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "அது தண்ணி வரிசை. இன்னைக்கு எழுதுனா நாளைக்குக் குழாய் கேப்பீங்க. இருக்க தண்ணி நாலு தெருவுக்கே காணல. மழை பெய்யட்டும், பாப்போம்."

மழை பெய்தது. அவர் பார்க்கவில்லை.

தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்தது ஒரு பகல்வேளை, சாப்பாட்டு மணி அடிக்கவிருந்த நேரம். மருந்து முக்கும் அறையில் தொடங்கி, கட்டை அடுக்கும் கூடத்துக்கு வந்து, அதன் வாசலைப் புகையால் அடைத்தது. தீயணைப்பு வண்டி பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும். ஆனால் கொடுக்காய்க்குளத்துக்காரர்களுக்கு வண்டி தேவைப்படவில்லை. கேட்டருகே கூடிநின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிட, உள்ளே மயங்கிக் கிடந்தவர்கள்கூட எழுந்தார்கள். கண்ணை மூடியபடி, இருமியபடி, எந்தத் தூணிலும் மோதாமல், புகைக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக நேரே நடந்துவந்து, கூப்பிட்டவர் முன்னால் நின்றார்கள். தேரடி மாரிக்கனி முதலில் வந்தவர்களில் ஒருத்தி. காலனிக்காரர்கள் சுவரோரமாக நின்று கைதட்டினார்கள். தகரக் கூரையில் கல் எறிந்தார்கள். கூடத்துக்குள் இருந்த அவர்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வரவில்லை.

புகையைப் பார்த்ததும் செண்பகம் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடவில்லை, பேரூராட்சி ஆபீசுக்குப் பின்னால் இருந்த தொட்டிக்கு ஓடினாள். இருளப்பனின் நீலப் பெயிண்ட் டப்பா ஏணியடியில் இருந்தது. ஏறினாள். வரிசையின் வலது ஓரத்தில் புளியமரத் தெருவின் கடைசி எழுத்து குழாயை ஒட்டி முடிந்திருந்தது, அங்கே இடமில்லை. இடமிருந்தாலும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். காலனி கடைசியில் இருந்தால், மாரிக்கனி என்று கூப்பிடும்போது பெயர் தேரடித் தெருவிலேயே நின்றுவிடும், கனி வரைக்கும் வராது. இடது ஓரத்தில் இடம் இருந்தது. எல்லாத் தெருக்களுக்கும் முன்னால். கடைசியில் எழுதினால் போதும் என்று இத்தனை நாளும் கேட்டவள், தேரடி மாரிக்கனியை அவள் வீட்டுக்காரர் இந்நேரம் வெளியே கொண்டுவந்திருப்பார் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள். பிறகு தேரடித் தெருவுக்கு முன்னால் புதுக்காலனி என்று எழுதி, மற்றத் தெருக்களுக்கு நடுவே இருப்பதுபோலப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தாள்.

அந்த இரண்டாவது புள்ளி வைத்ததுமே, வேறு யாரோ கூப்பிட்ட பெயருக்குத் தங்களில் ஒருவருடைய கால் தானாக எழுந்ததில், கேட்டருகே நின்ற காலனிக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஒருவர் சோதித்துப் பார்ப்பதுபோல ஒரு பெயரைச் சொன்னார்; அவள் வந்தாள். பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள், மாதக்கணக்காகச் சொல்லாத பெயர்களையெல்லாம் கத்திக் கூப்பிட்டார்கள், அழுதுகொண்டே கூப்பிட்டார்கள். மாரிக்கனி என்றும் ஒரு குரல் கூப்பிட்டது. கனி வந்தாள், முழங்கை வெந்திருந்தது, உயிரோடு வந்தாள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. தேரடி மாரிக்கனி வெளியே வந்து, தெய்வசிகாமணி "வந்துட்டியா தாயி" என்று ஒரு சொல் சொல்லி அவள் கால் விடுபட்டதும், புடவைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். "என் பேர்க்காரி உள்ள கெடக்கா. அவளைக் கூப்பிட ஆளில்ல" என்றாள். அவர் கையைப் பிடித்தார். "நீங்க கூப்பிட்டா நான் வந்துரப் போறேன், பெறகென்ன பயம்?" என்று உதறிவிட்டு மறுபடியும் உள்ளே போயிருந்தாள். சுவரில் எழுத்து மாறியது அப்போதுதான்.

தெய்வசிகாமணி கூப்பிட்டார். "மாரிக்கனி!" கனி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீ இல்ல தாயி," என்றார். அவள் விலகினாள். மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் அவளே வந்தாள், இருமிக்கொண்டு, வெந்த கையைப் பிடித்துக்கொண்டு. அவர் தொண்டை கிழியக் கூப்பிட்டார், ஒவ்வொரு முறையும் பெயர் புகைக்குள் போகாமல் ரயில் பாதைக்கு அப்பால் போய் ஒரு நிலைப்படியைத் தொட்டு இவளையே அவரிடம் அனுப்பியது.

"யோவ், தெருவும் கதவு நம்பரும் சொல்லிக் கூப்பிடுய்யா!" என்று புளியமரத் தெருக்காரர் ஒருவர் கத்தினார்.

"தேரடித் தெரு..." என்று தொடங்கிய தெய்வசிகாமணிக்கு அதற்குமேல் வரவில்லை. "எய்யா, எங்க வீட்டு நம்பர் என்ன? யாருக்காவது தெரியுமா?" தேரடித் தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரிசையில் முதலாவதாக இருந்தவர்கள். தங்கள் கதவு எண்ணைத் தெரிந்துகொள்ளும் அவசியம் அவர்களில் ஒருவருக்கும் ஏற்பட்டதில்லை. இருளப்பன் தேரடித் தெருவுக்கு ஓடினார், கதவு எண் தகட்டைப் பார்த்தார், எண்ணைக் கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தார். கூடத்தின் கூரை அதற்குள் இறங்கிவிட்டது.

பெயிண்ட் கையோடு வந்து சேர்ந்த செண்பகம் கண்டது, தன் தங்கை உயிரோடு இருப்பதை. அவள் எதிரில் தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பிறகுதான் கண்டாள். என்ன நடந்தது என்று இருளப்பன் சொன்னார். அவள் தங்கையின் வெந்த கையைப் பிடித்திருந்தாள், விடவும் முடியவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை.

சுவரை வெள்ளையடிக்கச் சொல்வார் தலைவர் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கோமதிநாயகம் அப்படியே விடச் சொல்லிவிட்டார். முதலில் இருப்பது என்றால் என்ன என்பதை அவர் குடியிருந்த தேரடித் தெருக்காரர்கள் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது அவர்கள் செருப்பைக் கழற்றிவைத்து நிம்மதியாகத் தூங்கினார்கள். ஊரில் எங்கே யார் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும், அந்தப் பெயரில் காலனியில் ஒருவர் இருந்தால் அவர்தான் எழுந்து போனார். விறகு பிளக்கும் இடத்துக்கு, சாக்கடை அடைத்த இடத்துக்கு, பேரனைக் கூப்பிட்ட பாட்டியிடம், நாயைக் கூப்பிட்ட சிறுமியிடம். வந்தவரைச் சும்மா அனுப்புவானேன் என்று ஊர் ஒரு வேலையையும் சொல்லி அனுப்பியது. காலனிக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வருகை விழுந்தது. தண்ணீர் லாரியிலேயே வந்தது.

காலனியின் பெயரை வரிசைக் கடைசிக்கு மாற்றிவிடலாமா என்று செண்பகம் பலமுறை ஏணியடியில் நின்று யோசித்தாள். தங்கைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எழுத்து எந்த ஓரத்தில் இருந்தாலும், நான்கு தெருவிலும் இனி வேறு மாரிக்கனி இல்லை. பெயர் எல்லா நிலைப்படிகளையும் பார்த்துவிட்டுக் கனியிடம்தான் வந்து முடியும்.

தெய்வசிகாமணி தினமும் மதியம் கூப்பிட்டார். கெட்ட மனிதரில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, தண்ணீருக்காக வாயைத் திறந்தால் அந்தப் பெயர்தான் வந்தது. ரயில் பாதைக்கு அப்பால் கனியின் கை அப்படியே நிற்கும், கால் எழும். முதலில் சில நாள் அவர் அவளைப் பார்த்ததும் "போ தாயி" என்று சொல்லி அனுப்பினார். பிறகு பார்க்கவே முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய கதவுக்குள் இருந்துகொண்டு கூப்பிட்டார்.

செண்பகம் ஆபீசில் மத்தியானம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, தங்கையோடு சேர்ந்து நடப்பாள். தடுத்துப் பார்த்திருக்கிறாள், கட்டிப் பிடித்துப் பார்த்திருக்கிறாள், கால் இழுத்துக்கொண்டு போய்விடும். வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் தேரடித் தெருவில் அந்தச் சாத்திய கதவு முன்னால், உள்ளிருந்து ஒரு 'போ' வரும்வரை, நிற்பார்கள். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் செண்பகம் ஒருநாள், கதவைத் தட்டி. "அண்ணாச்சி, ஒரு சொல்லு சொல்லுங்க. திட்டியாவது ஒரு சொல்லு. இவ காலு விடணும்."

உள்ளே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"வெளிய யாரு?" என்று அவர் கேட்டார். கேட்டது தன்னைத்தானே என்பதுபோல இருந்தது. அந்தச் சொல் கனியின் கால்களை விடவில்லை.

"நாந்தான் அண்ணாச்சி. செண்பகம். சுவத்துல எழுதினவ."

குடையைப் பிடித்திருந்த கை வலித்தது, மாற்றிக்கொண்டாள். பிறகு உள்ளேயிருந்து, வெளியே இருப்பவர்களை மறந்துவிட்ட குரலில், தாகமுள்ள ஒரு மனிதர் சாதாரணமாகக் கூப்பிடுவதுபோல, அவர் மறுபடியும் கூப்பிட்டார். கனி ஓரடி முன்னால் போனாள். போக இடமில்லை. நெற்றி கதவில் முட்டியது, அப்படியே நின்றாள்.